சட்டைக்கு அளவெடுக்கிறோம், சீட்டுக்கு?

நம் கல்லூரி வண்டி நிறுத்தத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள் நண்பர்களே. ஸ்ப்ளெண்டர், பல்சர், அப்பா காலத்து புல்லட், அக்காவிடம் இரவல் வாங்கிய ஸ்கூட்டி என்று வரிசையாக நிற்கும். கண்ணாடியை மாற்றியிருப்போம், ஹேண்டில்பாரை மாற்றியிருப்போம், டேங்கில் கழுகுப் படம் ஒட்டியிருப்போம். சீட்டை மட்டும் கம்பெனி கொடுத்தபடியே வைத்திருப்போம். கிழிந்தால் மேலே ஒரு கவரை மாட்டுவதோடு சரி.

ஐந்தடி ஓரங்குல உயரக்காரனுக்கும் ஆறடிக்காரனுக்கும் ஒரே சீட். தீபாவளிச் சட்டையில் தோள்பட்டை அரை அங்குலம் இறங்கினால் தையற்காரரிடம் சண்டைக்குப் போகிற நாம், தினமும் இரண்டு மணி நேரம் உட்காரும் சாமானுக்கு அளவே கொடுப்பதில்லை. இது என்ன நியாயம்?

சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்கு இது வெறும் இடுப்புவலிச் சமாச்சாரம். நம்மைப் போல வால்பாறையிலிருந்து வருகிறவர்களுக்கு அப்படியல்ல. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கி.மீ. அதில் ஆழியாறு வரைக்கும் தென்னந்தோப்புக்கு நடுவே நேர் சாலை. அதற்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஊர் இருப்பது சுமார் 3,500 அடி உயரத்தில். ஏறும்போது சீட் எப்படி இருந்தாலும் சமாளித்து விடலாம். இறங்கும்போதுதான் அது தன் குணத்தைக் காட்டும்.

என் வகுப்புத் தோழன் ஒருவன், ரொட்டிக்கடைப் பக்கத்து எஸ்டேட் பையன், உயரம் 155 செ.மீ. அப்பாவின் வண்டியில் இறங்கி வந்து கொண்டிருந்தான். எதிரே வளைவில் பஸ் ஏறி வந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பது சாலை விதி. அவனும் ஒழுங்காக இடது ஓரத்தில் நிறுத்தினான். ஆனால் அந்த இடத்தில் ஓரம் சரிந்து கிடந்தது. இடது கால் தரையைத் தேடியது. தரை கிடைக்கவில்லை. வண்டி அப்படியே இடப்பக்கம் சாய்ந்தது. தடுப்புச் சுவர் இருந்ததால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. சுவர் இல்லாத வளைவை நினைத்துப் பாருங்கள். வேகமும் இல்லை, ஓட்டத் தெரியாதவனும் இல்லை. கால் எட்டவில்லை, அவ்வளவுதான். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக் கூட்டம் ரோட்டைக் கடக்கும்போதும் இதே கதைதான். நிற்கத் தெரிந்தால் போதாது, நிற்க முடிய வேண்டும்.

ஆகவே சீட்டை நம் உடம்புக்கு அளவெடுத்துச் செய்து கொள்வது எப்படி என்பதை, நாம் படித்த அப்ளைடு மெக்கானிக்ஸை வைத்தே பார்க்கலாம். பரீட்சைக்குப் பிறகும் அந்தப் பாடத்துக்கு ஒரு வேலை இருக்கட்டுமே!

நூலால் ஓர் அளவு

கால் எட்டவில்லை என்றதும் எல்லோரும் செய்வது, சீட்டில் இரண்டு அங்குலம் வெட்டி எறிவது. எறிந்தபின் உட்கார்ந்தால் அடித்தட்டு குத்தும். கால் எட்டுவதைத் தீர்மானிப்பது சீட்டின் உயரம் மட்டுமல்ல, தொடை இறங்குகிற இடத்தில் அதன் அகலமும்தான். வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளை வையுங்கள். தரையிலிருந்து ஒரு நூலை மேலே கொண்டு போய், நாம் உட்காரும் இடத்துக்கு மேலாக எடுத்து, மறுபக்கம் தரைக்கு இறக்குங்கள். அந்த நூலின் நீளம்தான் நிஜமான அளவு. பி.எம்.டபிள்யூ. கம்பெனி தன் வண்டிகளின் விவரக் குறிப்பில் சீட் உயரத்தோடு இந்த வளைவு நீளத்தையும் தனியாகக் கொடுக்கிறது. காரணம் இதுதான்.

என் தோழன் வண்டியில் முன்பக்கம் பக்கத்துக்கு 2 செ.மீ. செதுக்கி, உயரத்தில் ஒன்றரை செ.மீ. மட்டும் குறைத்தோம். நூல் கணக்கில் 4 செ.மீ.யும் 3 செ.மீ.யும் சேர்ந்து மொத்தம் 7 செ.மீ. குறைந்தது. ஒரு காலுக்கு மூன்றரை. கட்டைவிரல் மட்டும் தொட்ட இடத்தில் பாதத்தின் முன்பாதி முழுக்க ஊன்றியது. உயரத்தை மட்டும் வெட்டி இதே பலனை அடைய மூன்றரை செ.மீ. பஞ்சைப் பலி கொடுத்திருக்க வேண்டும்.

எலும்பு இரண்டு, எடை ஒன்று

நாம் உட்காரும்போது எடையைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முண்டுகள். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் வேறு. பெரும்பாலும் 10 முதல் 14 செ.மீ.க்குள் இருக்கும், பெண்களுக்குச் சற்று அதிகம். கண்டுபிடிப்பது சுலபம். அட்டைப்பெட்டியைக் கிழித்து, நெளிவுள்ள அந்த அட்டையைப் படிக்கட்டில் போட்டு, குனிந்து ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்திருங்கள். இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். பள்ளத்தின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து கொள்ளுங்கள். இந்த இரண்டு இடத்துக்குக் கீழே நல்ல தாங்குதல் வேண்டும். நடுவில், பின்னால் வால் எலும்பு வரும் இடத்தில், லேசான பள்ளம் வேண்டும். சீட் செய்வதில் பாதி வேலை இதுதான்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோ ஆள். கால்மிதியும் கையும் கால்பங்கைத் தாங்கினால் சீட்டில் 45 கிலோ. அது 400 சதுர செ.மீ. பரப்பில் இறங்கினால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.1125 கிலோ, அதாவது பாதரச அளவில் சுமார் 83 மி.மீ. பரப்பை 600 ஆக்கினால் 55 மி.மீ. தோலுக்கடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் அழுத்தம் என்று மருத்துவ நூல்கள் சொல்வது சுமார் 32 மி.மீ. ஆக, எவ்வளவு நல்ல சீட்டானாலும் ரத்த ஓட்டம் கொஞ்சம் தடைபடத்தான் செய்யும். அதனால்தான் மரத்துப் போகிறது. இது சராசரிக் கணக்கு. எலும்புக்கு நேர் கீழே அழுத்தம் இன்னும் பல மடங்கு ஏறும். எனவே நல்ல சீட் என்பது இரண்டு வேலை செய்ய வேண்டும்: எடையைப் பரப்ப வேண்டும், அவ்வப்போது நாம் முன்னே பின்னே நகர்ந்து உட்காரவும் விட வேண்டும். பள்ளம் பறித்து ஆளை ஒரே இடத்தில் புதைக்கிற சீட் பார்க்கத்தான் அழகு.

மெத்தென்று இருந்தால் நல்லதா?

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுவது. கடையில் கையால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருப்பதை வாங்குகிறோம். ஆழியாறு தாண்டுவதற்குள் அது அடித்தட்டில் போய் உட்கார்ந்து விடும்.

ஸ்பிரிங் மேல் நிற்கும் எடையின் இயல்பு அதிர்வெண்ணை அது எவ்வளவு அமுங்குகிறது என்பதிலிருந்தே சொல்லி விடலாம். அமுக்கத்தை செ.மீ.யில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால் கிட்டத்தட்ட ஹெர்ட்ஸில் விடை. நாம் உட்கார்ந்ததும் பஞ்சு 1 செ.மீ. அமுங்கினால் 5 ஹெர்ட்ஸ். இரண்டரை செ.மீ. என்றால் சுமார் 3.2. மேலும் கீழுமான அதிர்வில் மனித உடம்பை அதிகம் வருத்துவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை. கல் மாதிரி சீட் சரியாக அந்த வலையில் போய் விழுகிறது. ‘அப்படியானால் இன்னும் மெதுவாக, 4 செ.மீ. அமுங்குகிற மாதிரி போடலாமே’ என்கிறீர்களா? போடலாம், பஞ்சின் கனம் 10 செ.மீ. இருந்தால்! நம் வண்டிகளில் அவ்வளவு இடம் ஏது? பஞ்சு பாதிக்கு மேல் அமுங்கினால் ஸ்பிரிங் குணம் போய்க் கட்டையாகி விடும். அந்த நிலையில் ஒரு குழி வந்தால் நேராக முதுகுத்தண்டுக்குத் தந்தி போகும்.

அந்தக் காலத்து புல்லட்டில் தனிச் சீட்டுக்குக் கீழே சுருள் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். பஞ்சு கொடுக்க முடியாத அமுக்கத்தை ஸ்பிரிங் கொடுத்தது. வேறு சில சீட்டுகளுக்குத் தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்து வேகவைத்த மெத்தை உள்ளே போயிற்று. நம் பொள்ளாச்சிப் பக்கத்து நாருக்கு மோட்டார் உலகத்தில் அப்படியும் ஒரு மரியாதை இருந்தது. இப்போது எல்லாம் பாலியூரித்தேன் ஃபோம். ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் 1937-ல் கண்ட வேதியியலின் வாரிசு.

ஃபோம் வாங்கும்போது கடையில் ‘32 டென்சிட்டி, 40 டென்சிட்டி’ என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அது. இதைக் கடினத்தன்மை என்று நினைத்துக் கொள்கிறோம். இல்லை. கடினம் என்பது வேறு சோதனை: 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டால் அமுக்கி, கனத்தில் இத்தனை சதவீதம் இறங்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பது. ஒரே டென்சிட்டியில் மெதுவானதும் உண்டு, கெட்டியானதும் உண்டு. டென்சிட்டி சொல்வது முக்கியமாக ஆயுளை. அதிகம் என்றால் சீக்கிரம் சப்பையாகாது.

பிழைக்கத் தெரிந்த வழி இரண்டடுக்கு. அடியில், துண்டு ஃபோம்களை ஒட்டி அழுத்திச் செய்யும் கெட்டி ஃபோம், 80 அல்லது 100 டென்சிட்டி. மேலே ஒரு அங்குலம் மிருதுவானது. மேலடுக்கு எலும்பின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும், கீழடுக்கு தட்டில் இடிக்காமல் காக்கும். விளம்பரங்களில் வரும் மெமரி ஃபோம் பற்றி ஒரு வார்த்தை: அது சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். மார்கழி மாத விடியலில் வால்பாறையில் வண்டியை எடுத்தால் முதல் பத்து கி.மீ. பலகையில் உட்கார்ந்த மாதிரிதான். நம் ஊருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டேங்கை நோக்கி ஒரு சறுக்கல்

இனி இறக்கம். 6 சதவீதச் சரிவில் இறங்குகிறோம் என்று வைத்துக் கொள்வோம். வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கிறோம். வேகம் குறைவது ஈர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு. சீட்டின் மேல்தளம் சாலைக்கு இணையாக இருந்தால், நாம் முன்னால் வழுக்காமல் இருக்க 0.36 உராய்வுக் கெழு தேவை. சீட் முன்பக்கம் 5 டிகிரி சரிந்திருந்தால் (பல வண்டிகளில் பஞ்சு உட்கார்ந்து போன பிறகு அப்படித்தான் ஆகிறது) தேவை 0.46 ஆக ஏறும். மாறாக முன்பக்கத்தை 3 டிகிரி தூக்கினால் 0.30 போதும். பிரேக் பிடித்ததும் முன் ஃபோர்க் அமுங்கி வண்டியே மூக்கைக் குத்துமல்லவா, அதையும் இதில் கூட்டிக் கொள்ளுங்கள்.

நனைந்த ரெக்சின் 0.30 மட்டுமே கொடுக்கிறது என்று வைத்தால், 5 டிகிரி சரிந்த சீட்டில் பாக்கி 0.16 பங்கை யார் தாங்குவது? 45 கிலோவில் அது சுமார் 7 கிலோ. தாங்குவது நம் மணிக்கட்டு. ஒவ்வொரு வளைவிலும், 40 தடவை. ஹேண்டில்பாரைத் தள்ளிக் கொண்டே உட்கார்ந்திருப்பவன் அதை எப்படி நுணுக்கமாகத் திருப்புவான்? நம் பையன்கள் பலர் வளைவில் வெளியே அகன்று போவதற்கு டயரைக் குற்றம் சொல்கிறார்கள். எனக்கென்னவோ சீட்டின் மேல்தான் சந்தேகம்.

ஆகவே மலைப்பாதைக்காரர் தன் சீட்டில் கேட்டு வாங்க வேண்டியது, தொடைக்குக் கீழே மெல்லத் தூக்கிய முன்பக்கம், உட்காரும் இடத்தில் சொரசொரப்பான ரெக்சின். ரொம்பத் தூக்கினால் வேறு இடத்தில் வலிக்கும். 3 டிகிரி என்பது 30 செ.மீ. நீளத்தில் ஒன்றரை செ.மீ. தூக்கல், அதற்கு மேல் வேண்டாம். பளபளப்புக் கவர் கல்யாண ஊர்வலத்துக்கு ஆகும்.

கடையில்

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் ஊரில் கார்பின் என்றொரு சீட் கம்பெனி இருக்கிறது. வண்டியோடு நேரில் போனால், ஆளை உட்கார வைத்துப் பார்த்து அங்கேயே சீட் செய்து மாட்டி அனுப்புவார்கள். அதே மாநிலத்து ரஸ்ஸல் கம்பெனி, நாம் நம் வண்டியில் உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தையும் உயரம், எடை, கால் நீளத்தையும் கேட்டு வாங்கும். கேட்டதும் பிரமிப்பாக இருக்கிறதா? பொள்ளாச்சியிலும் கோவையிலும் உள்ள சீட் ஒர்க்ஸ் மேஸ்திரிகள் இதைத்தான் செய்ய வல்லவர்கள், நாம் கேட்பதில்லை. ‘டிசைன் எது வேணும்?’ என்று அவர்கள் படம் காட்டுகிறார்கள், நாமும் கலரைப் பார்த்துக் கை காட்டி விட்டுப் பரோட்டா சாப்பிடப் போய் விடுகிறோம்.

போகாதீர்கள். கவரைப் பிரித்ததும் பக்கத்தில் நில்லுங்கள். வழக்கமாக வண்டி ஓட்டும் பேண்ட், வழக்கமான செருப்பு அல்லது ஷூவோடு போங்கள். வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி ஏறி உட்கார்ந்து, தொடை எங்கே உரசுகிறது என்று சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். இழைப்புத் தாள் மாட்டிய கிரைண்டரால்தான் ஃபோமைச் செதுக்குவார்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஒட்டும் சொல்யூஷனின் வாடையும் ஆகாது. மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், மேஸ்திரிக்கும் ஒரு துணி கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, திரும்பத் திரும்ப உட்கார்ந்து பார்க்க வேண்டும். செதுக்கியதை ஒட்டலாம், ஆனால் ஒட்டிய இடம் தடித்து நிற்கும்.

என் தோழன் சீட்டைச் செய்த மேஸ்திரி ஒன்று சொன்னார்: “தம்பி, கடையில பத்து நிமிசம் உக்காந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லாதீங்க. கவர் போடாம அப்படியே பாலிதீன் சுத்தித் தாறேன். ஆழியாறு வரைக்கும் போயிட்டு வாங்க, அப்புறம் சொல்லுங்க.” ‘ஏங்கண்ணா, இப்பவே நல்லாத்தான இருக்குது’ என்றான் இவன். அவர் சிரித்துக்கொண்டு பாலிதீனைச் சுற்றினார். போய் வந்ததும் இடது பக்கம் இன்னும் அரை செ.மீ. எடுக்க வேண்டியிருந்தது. நம் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பரிசோதனை முறை இது. தைத்து மூடிய பிறகு குறை கண்டால் கவரும் வீண், கூலியும் வீண்.

மழை

தென்மேற்குப் பருவம் வந்தால் நம் ஊர் நிலவரம் தெரியுமே. சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை வாங்கும் இடங்களில் ஒன்று. அந்த மழைக்கு நடுவில் சீட்டின் எதிரி ஊசித்துளை. உட்காரும் இடத்துக்கு நடுவே வைரக் கட்டம் கட்டமாகத் தையல் போடுவது இப்போது நாகரிகம். ஒவ்வொரு துளையும் ஒரு குழாய்! உள்ளே ஃபோம் ஒரு ஸ்பாஞ்ச். வாங்கிய தண்ணீரை லேசில் விடாது. மழை விட்டு மூன்று நாள் கழித்து, வெயிலில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்தால் பேண்ட் நனைகிறதே, அது அந்தத் தண்ணீர்தான். பிறகு நாற்றம், அப்புறம் ஃபோம் பொடிப்பொடியாக உதிர்தல்.

தையலை மேலே வைக்காமல் விளிம்புக்கு இறக்கச் சொல்லுங்கள். தையலின் உட்புறம் சொல்யூஷன் தடவலாம், ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே ஒரு பாலிதீன் தாள் போடலாம். தையல் 3, 4 மி.மீ. இடைவெளியில் இருக்கட்டும், ரொம்ப நெருக்கினால் தபால்தலை ஓரம் போலக் கிழியும். பருத்தி நூல் வேண்டாம், பாலியெஸ்டர் நூல் கேளுங்கள். ரெக்சினை வெயிலில் காட்டிச் சூடாக்கி இழுத்தால் சுருக்கம் விழாது. மேகமூட்டத்தில் இழுத்து மாட்டியது மறுநாள் வெயிலில் தொளதொளக்கும். அடித்தட்டு பிளாஸ்டிக் என்றால் ஸ்டேப்ளர் பின் அடிப்பார்கள், பின் துருப்பிடிக்காத ரகமா என்று கேட்பதில் தப்பில்லை. இரும்புத் தட்டு என்றால் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. தட்டில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமலும், ஃபிரேமில் உட்காரும் ரப்பர் பஃபர்கள் தொலையாமலும் பார்த்துக் கொள்ளுங்கள். பஃபர் ஒன்று இல்லாவிட்டால் எடை முழுதும் ஒரே முனையில் இறங்கித் தட்டு விரிசல் விடும்.

பின்னால் உட்காருகிறவர்

ஃபோமைச் செதுக்குவதும் கவரை மாற்றுவதும் வேறு. ஃபிரேமை வெட்டி இரட்டைச் சீட்டை ஒற்றையாக்குவது வேறு. பதிவுப் புத்தகத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று போட்டிருக்கிறது. அந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு அபராதம் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய். பின்னிருக்கைக்காரருக்குக் கைப்பிடியும் கால்மிதியும், பின்சக்கரத்தில் பாதியை மறைக்கும் தடுப்பும் வேண்டும் என்பதும் விதி. புதுக் கவர் போடும்போது கைப்பிடியைக் கழற்றி வைத்து, திருப்பி மாட்ட மறந்து விடுவது கடைகளில் சகஜம். எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

பின்பக்கத்தை மேலே தூக்கி, படிக்கட்டு மாதிரி செய்வதும் இப்போது அழகு. அதில் நம் அம்மா சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்து அட்டகட்டியிலிருந்து இறங்கி வருவதை யோசியுங்கள். பிரேக் பிடிக்கும்போது அவர் சறுக்குவதற்கும் அதே கணக்குத்தான், ஆனால் அவருக்கு அழுத்திக்கொள்ள டேங்கும் இல்லை, பிடிக்க ஹேண்டில்பாரும் இல்லை. பின்னிருக்கை தட்டையாகவும், முன்னிருக்கையைவிட அதிகம் உயராமலும், இடப்பக்க விளிம்பு உருண்டு சரியாமலும் இருக்க வேண்டும். அளவு கொடுக்கக் கடைக்குப் போகும் அன்று முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். பின்னால் உட்காரப் போவது அவர்தானே.